பிரகதாம்பாளின் கறுப்புத் திரை

பிரகதாம்பாள் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்தில் மூன்று கணினிகள் இருந்தன. இரண்டு, எந்த அலுவலகத்திலும் இருப்பவை போலத்தான். மூன்றாவது அவளுடையது. அதன் திரை கன்னங்கரேலென்று இருக்கும்; எழுத்துகள் மஞ்சளில் பெரிது பெரிதாகத் தெரியும். மவுஸ் அம்பு நிற்கும் இடத்தைக் காட்ட இரண்டு சிவப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் திரை முழுக்க ஓடும். படிக்கிற வரி மட்டும் பளிச்சென்று இருக்க, மேலும் கீழும் மங்கிக் கிடக்கும்.

சான்றிதழ் வாங்க வரும் பெற்றோர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், பஸ்ஸு போர்டு மாதிரி வச்சிருக்கீங்க?" என்பார்கள்.

"எனக்கு இப்பிடி இருந்தாத்தாங்க பிடிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

பிடிக்கும் என்பது பொய். அப்படி இல்லாவிட்டால் அவளுக்குத் தெரியாது.

குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே, தைலமரக் காட்டை ஒட்டிய ஊர் அவளுடையது. அப்பாவும் அம்மாவும் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள். அவளையும் அம்மாவின் தம்பி திருப்பதிக்கே கொடுத்தார்கள். சின்ன வயதிலிருந்தே பொழுது சாய்ந்துவிட்டால் அவள் வாசலைத் தாண்ட மாட்டாள். தாண்டினால் கிடக்கிற கல்லிலெல்லாம் இடித்துக்கொள்வாள். மாலைக்கண் என்று ஈரலும் பொன்னாங்கண்ணிக் கீரையும் ஆக்கிப் போட்டார்கள். கண் மட்டும் தேறவில்லை. பகலில் எல்லாரையும் போலத்தான் இருந்தாள். கீரனூரில் டைப்ரைட்டிங் படித்து ஹையர் முடித்தாள். விசைகளைப் பார்க்காமலே அடிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. கீரனூர் சாலையில் புதிதாகத் தொடங்கிய தனியார் பள்ளியில் அதை வைத்தே வேலை கிடைத்தது.

மகள் வைஷ்ணவி பிறந்த பிறகுதான் மதுரைக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வருகிறது, நடுவில் மட்டும்தான் மிச்சம், அதுவும் போகப் போகச் சுருங்கும் என்றார் மருத்துவர். மருந்து கிடையாது என்பதையும் சொல்லிவிட்டார். அதற்கு அப்புறம் கவனித்தபோது அவளுக்கே புரிந்தது. சுருட்டிய பாய்க்குள் கண்ணை வைத்து உலகத்தைப் பார்ப்பது போலத்தான் அவள் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 திருப்பதி நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கும் கிரஷரில் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். ஊர் திரும்பும் பஸ்ஸில், விராலிமலை தாண்டிய பிறகு சொன்னான்.

"யாருகிட்டயும் சொல்லாத. குருடின்னு ஒரு தடவ பேரு வந்துருச்சுன்னா, அதுக்கப்பறம் ஒனக்கு வேற பேரே கெடையாது."

"வேலைக்குப் போற எடத்துல தெரியாதா மாமா?"

"தெரியாம பாத்துக்க."

அவள் பார்த்துக்கொண்டாள். பார்வை இல்லாதவர்கள் கணினி கற்பதற்கென்று குரல்பதிவுகளாகவே பேசிக்கொள்ளும் குழு ஒன்று கைபேசியில் இருந்தது. வேறு பெயரில் அதில் சேர்ந்தாள். யாரோ திண்டுக்கல்லிலிருந்தும் ஓசூரிலிருந்தும் சொல்லிக்கொடுக்க, கூடுதல் மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் தன் கணினியில் ஏற்றினாள். அம்பைக் காட்டுவதற்கு ஒன்று, வரியைப் பிரித்துக் காட்ட ஒன்று, எழுத்தை வாய்விட்டுப் படிக்க ஒன்று. பள்ளியின் பழைய சான்றிதழ்கள் எல்லாம் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்தவை. படிக்கும் குரல் அவற்றைப் பார்த்தால் ஏதோ ஆங்கில எழுத்துகளாக உளறும். அதை நேர்செய்யவும் ஒரு இணைப்பு நிரலைத் தேடிப் பிடித்தாள்.

கணினியோடே வருகிற கறுப்புத் திரையும் ஒன்று உண்டு. அதைப் போட்டால் கட்டணம் வசூலிக்கும் பக்கத்தில் பெட்டிகளே மறைந்துவிடும். அதனால் வெளிநாட்டு ஆள் ஒருவர் செய்த மென்பொருளைப் போட்டுக்கொண்டாள். அவளுடைய கண்ணுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது அது.

குரலைக் கேட்க ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்வாள். "பெரகதா பாட்டுக் கேட்டுக்கிட்டே வேல பாக்குது" என்று தாளாளரிடம் யாரோ சொல்ல, அவர் கூப்பிட்டுக் கண்டித்தார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். பாட்டுப் பைத்தியம் என்ற பெயர் அவளுக்கு எவ்வளவோ தேவலாம் போலிருந்தது.

இப்படியே பல வருஷம் ஓடியது. வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கணினியை உயிர்ப்பித்து, கறுப்பும் மஞ்சளும் எழும்பி வரும் நேரத்தில் அவளுக்கு ஒரு நிம்மதி வரும். பஸ்ஸில், கடைத்தெருவில், கல்யாண மண்டபத்தில் எங்கேயும் இல்லாத நிம்மதி. அந்தத் திரைக்கு முன்னால் மட்டும் அவள் எதிலும் இடித்துக்கொள்வதில்லை.

ஒருநாள் அந்த வெளிநாட்டு மென்பொருள், இனிமேல் இலவசம் இல்லை என்று நின்றுபோனது. வாங்குவதற்கு வேண்டிய கார்டு அவளிடம் இல்லை. திருப்பதியைக் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டிவரும். குழுவில் ஒருவர், பூட்டை உடைத்த பிரதி ஒன்று இருக்கும் இடத்தைச் சொன்னார். அங்கிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டாள். திரை பழையபடி கறுத்தது.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, மூன்று கணினிகளும் ஒரே மாதிரி சிவப்பாக எழும்பின. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். பிள்ளைகளின் விவரம், மதிப்பெண், கட்டணக் கணக்கு எதுவும் திறக்கவில்லை.

திருச்சியிலிருந்து அஜித் என்ற இளைஞன் வந்தான். பள்ளிக்குக் கணினி பராமரிக்கும் நிறுவனத்து ஆள். நல்ல பிள்ளை. வந்தவன் நேரே பிரகதாம்பாளின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான்.

"என்னக்கா இது, இவ்வளவு ஏத்தி வச்சிருக்கீங்க? ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு சந்தையே இருக்கு."

தாளாளர் கேட்டார், "அப்ப இது வழியாத்தான் வந்துச்சா?"

"அப்பிடிச் சொல்ல முடியாது சார். அந்த சிஸ்டத்துல சினிமாப் படம்லாம் எறக்கியிருக்காங்க. இன்னொண்ணுல யாரோ ஒரு பில்லுன்னு வந்த மெயிலத் தொறந்துருக்காங்க. எது வழியா வேணாலும் வந்துருக்கலாம்."

கடைசிவரை அது தெரியவில்லை. பிரகதாம்பாளுக்கும் தெரியவில்லை. அந்த உடைத்த பிரதியின் ஞாபகம் மட்டும் வந்தது.

அஜித் மூன்றையும் அழித்து, புதிதாகப் போட்டான். இனி எல்லாக் கணினியும் நிறுவனம் கொடுத்த அமைப்பில் அப்படியே இருக்கும். எதையும் ஏற்றவோ மாற்றவோ பாஸ்வேர்டு வேண்டும். அது அவனிடமும் தாளாளரிடமும் மட்டும் இருக்கும். தாளாளருக்கு அது நியாயமாகப் பட்டது. யாருக்குத்தான் படாது? அத்தனை பிள்ளைகளின் விவரம் போய், பழைய காகிதங்களைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியிருந்தது.

அஜித் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் பின்னாலேயே போனாள்.

"தம்பி, வெள்ளையாப் பாத்தா தலவலி வருது. அந்தக் கறுப்ப மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போங்களேன்."

"எல்லாத்தையும் ஒரே மாதிரி வச்சாத்தான்க்கா பாதுகாப்பு. ரெண்டு நாளு கஷ்டமா இருக்கும், அப்பறம் பழகிரும்."

தலைவலி என்று சொன்னதற்குப் பதில் வேறு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பக்கத்தில் தாளாளர் நின்றார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டாள்.

பழகவில்லை. வெள்ளைத் திரை, மதிய வெயிலில் சுண்ணாம்புச் சுவரைப் பார்ப்பது போலக் கண்ணைக் குத்தியது. அம்பு எங்கே போனதென்று தெரியாமல் மவுஸை மேசை முழுக்க உருட்டுவாள். கைபேசியில் திரையைப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி, யாரும் பார்க்காதபோது மடியில் வைத்துப் படிப்பாள். அடிக்கிற கை பழைய வேகத்தில் அடித்தது. எங்கே அடிக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. ஆயா வேலை பார்த்த ராசாத்தி ஒருநாள் தேநீர் வைத்துவிட்டு, அவள் டம்ளரைத் துழாவுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். மறுநாளிலிருந்து டம்ளரை அவள் கையிலேயே கொடுத்தாள்.

காலையில் வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தகவல் சொல்வதும் பிரகதாம்பாளின் வேலை. கணினியில் பெயரைக் குறித்து ஒரு பொத்தானை அமுக்கினால், பதிந்து வைத்த குரல் அந்த வீட்டுக் கைபேசிக்குப் பேசும். "உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை." பதிந்திருந்தது அவளுடைய குரல்தான், பள்ளியிலேயே திருத்தமாகப் பேசுகிறவள் என்று அவளையே பேசச் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தைத் திறந்தால், வகுப்பின் தலைப்பில் "அனைவரும்" என்ற கட்டத்தில் குறி தானாகவே விழுந்திருக்கும். செய்தவர்கள் அப்படிச் செய்திருந்தார்கள். முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் பெயர்களைக் குறிக்க வேண்டும். பல வருஷத்துக்கு முன்பே, பக்கம் திறந்த உடனே அந்தக் குறி போய்விடும்படி ஒரு சின்ன இணைப்பு நிரலை அவள் தன் கணினியில் போட்டு வைத்திருந்தாள். அதனால் அப்படி ஒரு குறி உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அழித்துப் போட்ட பிறகு முதல் சில நாள் அந்த வேலையைப் பக்கத்து இருக்கைக்காரி பார்த்தாள். ஒருநாள் அவள் விடுப்பு எடுத்தாள். வெள்ளைத் திரையில் சாம்பல் நிறத்தில் கிடந்த அந்தச் சின்னக் குறி பிரகதாம்பாளின் கண்ணில் படவே இல்லை. ஆறாம் வகுப்பில் வராத ஒரு பையனின் பெயரைத் தேடிப் பிடித்துக் குறித்தாள். பொத்தானை அமுக்கினாள்.

அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் அவள் குரல் போனது.

வேறு நாளாக இருந்தால் போன் பண்ணிக் கேட்டிருப்பார்கள். ஆனால் முந்தின மாதம்தான், பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் பள்ளிக்கென்று கிளம்பி, கைவிட்ட கல்குவாரிப் பள்ளத்தில் குளிக்கப் போய் மூழ்கியிருந்தான். அந்தச் சாவு எல்லா வீட்டிலும் இன்னும் ஆறாமல் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் பைக்குகள் வந்து விழுந்தன. அலுவலகத்துக்குள் கூட்டம். எல்லாருக்கும் ஒரே கேள்வி. வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் சிலர் அழுதார்கள், சிலர் திட்டினார்கள், சிலர் பிள்ளையையே அடித்தார்கள்.

அந்த வகுப்பில் படித்த கவியரசனின் அம்மா புவனேஸ்வரி மட்டும் பள்ளிக்கு வரவில்லை. அவள் கடலைக்கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் திருப்பூரில். போனை வைத்ததும், அவள் கால் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பவில்லை. குவாரியைப் பார்த்து ஓடினாள். "கவி, கவியரசா" என்று கூப்பிட்டபடி பள்ளத்தின் வெட்டுப்பாறை ஓரமாக இறங்கினாள். பாசி வழுக்கியது. கீழே இருந்த பாறையில் இடுப்பு அடிபட விழுந்தாள். ஆடு மேய்த்தவர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து கயிறு போட்டுத் தூக்கினார்கள். அந்த நேரம் கவியரசன் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு அறுவை நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பழையபடி நடக்க முடியாது என்றார்கள்.

பிரகதாம்பாள் ராசாத்தியைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். வார்டு வாசலில் வெளிச்சம் மாறியதும் ஒன்றும் தெரியவில்லை. ராசாத்தி கையைப் பிடித்துக் கட்டிலருகே நிறுத்தினாள்.

"நான் ஸ்கூல் ஆபீஸ்லேருந்து வாரேங்க..."

"பேசாத" என்றாள் புவனேஸ்வரி. "கொரலே சொல்லுது. போன்ல கேட்ட அதே கொரலு."

பிரகதாம்பாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணியில ஒரு செருப்பு மெதந்துச்சு" என்றாள் புவனேஸ்வரி. யாரிடமோ சொல்வது போலிருந்தது. "யாரு செருப்போ, எந்தக் காலத்துச் செருப்போ. எம்மவன் செருப்புன்னுதான் நெனச்சேன். அதப் பாத்துக்கிட்டேதான் விழுந்தேன்."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றாள் பிரகதாம்பாள். தன் வாயால் ஒரு வெளியாளிடம் நேரில் அவள் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. "கொஞ்சந்தான் தெரியும். மறைச்சு வச்சிருந்தேன். அந்தக் குறி எனக்குத் தெரியல."

 பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகினார்கள்.

"தெரியாதவ எதுக்கு அந்தச் சீட்டுல போயி உக்காந்த?"

 வருஷக்கணக்காக ஒரு தப்பும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதா? அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"போயிரு" என்றாள் புவனேஸ்வரி. "எம்மவன் வர்ற நேரம். ஒங் கொரல அவன் கேக்க வேணாம்."

வெளியே வந்து பஸ் நிலையம் வரை ராசாத்தி அவள் கையை விடவில்லை. "எனக்கு முன்னமே தெரியும் பெரகதா" என்றாள் வழியில். "நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்."

வேலையை விட்டு நிற்கச் சொல்லுமுன் அவளே, கண்ணைப் பற்றியும் சொல்லி, எழுதிக் கொடுத்துவிட்டாள். தாளாளர் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

அஜித் அன்று அங்கே இருந்தான். வாசல் கேட் வரை கூட வந்தான்.

"தலவலின்னுதானக்கா சொன்னீங்க. கண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த ஒரு மெசினத் தனியாப் பிரிச்சு, ஒங்களுக்கு வேணுங்கிறத நானே காசு குடுத்து வாங்கச் சொல்லிப் போட்டுக் குடுத்துருப்பேன். ஒரு மணி நேர வேலக்கா அது."

"சொல்லியிருந்தா எனக்கு வேலை இருந்துருக்குமா தம்பி?"

அவன் உள்ளே திரும்பித் தாளாளர் அறையைப் பார்த்தான். பிறகு, பஸ் வருகிறதா பார்க்கிறேன் என்று சாலைக்குப் போனான்.

திருப்பதி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஊரு பூரா தெரிஞ்சுபோச்சு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நாந்தான் சொல்லாதன்னு சொன்னேன்" என்றும் சொன்னான். 

வேலை போனதும், அதே பள்ளியில் படித்த வைஷ்ணவியின் கட்டணச் சலுகையும் போனது. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். அந்த விடுமுறையில்தான் பிரகதாம்பாளின் காதில் ஒன்று விழுந்தது. பொழுது இருட்டும் நேரத்தில் மகள் வாசல்படி இறங்கும்போது ஒரு காலை முன்னால் நீட்டித் தேய்த்துத் தேய்த்து இறங்கினாள். செருப்பு சிமெண்டில் உரசும் சத்தம். அந்த இறக்கம் அவளுக்குத் தெரியும். அவளும் அந்த வயதில் அப்படித்தான் இறங்கினாள்.

"எத்தன நாளா இப்பிடி?" என்று கேட்டாள்.

"எப்பிடி?" என்றாள் வைஷ்ணவி. உடனே, "ஒண்ணுமில்ல" என்றாள்.

மதுரையில் அதே ஆஸ்பத்திரி. மருத்துவர் வேறு. சொன்னது அதே. திருப்பதி சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். சொந்தத்துக்குள் கட்டியதால் என்று மருத்துவர் சொல்லிக்கொண்டிருந்ததை அவன் கேட்டானா என்று தெரியாது.

புதுப் பள்ளியில் சேர்க்கிற அன்று, தலைமையாசிரியை முன்னால் வைத்தே பிரகதாம்பாள் சொன்னாள். "இவளுக்குச் சாயங்காலத்துக்கு மேல கண்ணு தெரியாதுங்க, பகல்லயும் ஓரம் தெரியாது. சன்னல் வெளிச்சம் மூஞ்சியில அடிக்காத எடமா உக்கார வைங்க. வெளையாட்டுல பந்து தப்ப விட்டா வையாதீங்க. என்னயமாதிரிதான் இவளும்." வகுப்பாசிரியையிடமும் அதையே சொன்னாள். வராந்தாவில் நின்ற பிள்ளைகளும் கேட்டார்கள்.

திரும்பும்போது வைஷ்ணவி அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் தள்ளியே நின்றாள்.

"ஒன்ன நான் சொல்லச் சொன்னேனா?" என்றாள். "நீ மட்டும் எல்லாத்தையும் மறச்சு வச்சுக்கிட்டல்ல. எனக்கு மட்டும் எதுக்கு ஊரக் கூட்டிச் சொல்ற?"

"மறச்சு என்ன ஆச்சுன்னு பாத்தீல்ல."

"அது ஒனக்கு ஆனது."

பஸ் வந்ததும் அவள் முன்னால் ஏறிப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். 

இப்போது பிரகதாம்பாள் புதுக்கோட்டையில் ஒரு அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கிறாள். திருப்பதி பழைய கணினி ஒன்று வாங்கிப் போட்டான். அதில் அவளுக்கு வேண்டியதெல்லாம் ஏற்றியிருக்கிறாள். இந்தத் தடவை எல்லாம் முறையாக வாங்கியவை. அஜித்தான் திருச்சியிலிருந்து வந்து போட்டுக் கொடுத்தான். மிச்சமிருந்த பார்வையும் குறைந்துகொண்டே வருவதால் திரையை அணைத்துவிட்டு, காதால் கேட்டே பெரும்பாலும் வேலை செய்கிறாள். புவனேஸ்வரி ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று ராசாத்தி சொன்னாள். போய்ப் பார்க்கட்டுமா என்று பிரகதாம்பாள் கேட்டதற்கு, ராசாத்தி வேண்டாம் என்றாள்.

அதே கணினியில் வைஷ்ணவி பெயரில் தனியாக ஒரு கணக்கும் உண்டு. அதிலும் கறுப்புத் திரையை, மஞ்சள் எழுத்தை, சிவப்புக் கோடுகளை எல்லாம் பிரகதாம்பாள் பார்த்துப் பார்த்துப் போட்டு வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து வெள்ளை வெளிச்சம் வந்தது. அவ்வளவு வெளிச்சம் மட்டும் இன்னும் அவளுக்குத் தெரியும்.

"மாத்திட்டியா?"

"ஆமா. எல்லாத்தயும் எடுத்துட்டேன். எல்லாருக்கும் எப்பிடி இருக்கோ அப்பிடியே எனக்கும் இருக்கட்டும்."

"கண்ணு கூசலையா?"

"கூசல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கண்ணில் நீர் வந்தால் அப்படி உறிஞ்சுவாள் என்று தாய்க்குத் தெரியும். சண்டை போடலாமா என்று யோசித்தாள். பிறகு பின்னால் போய் நின்று, மகளின் விரல்களைப் பிடித்து மூன்று விசைகளின் மேல் வைத்தாள்.

"இத அமுக்குனா கறுப்பா வரும். வேணுங்கிறப்ப அமுக்கிக்க."

"திரும்பி அமுக்குனா?"

"பழையபடி வெள்ளையாயிரும்."

வைஷ்ணவி அமுக்கினாள். அறை இருண்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. மறுபடி அமுக்கும் சத்தம் கேட்டது. வெளிச்சம் திரும்பி வந்தது. அவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.